இரணைதீவில இறங்கினாப் பிறகு

இரணைதீவு எண்டு சொன்னாக் கனபேருக்கு 2018 ஏப்ரல் 23 தான் ஞாபகம் வரும். அண்டைக்கு நேவி பிடிச்சு வைச்சிருந்த தங்கட தீவுக்கு இரணைமாதா நகர் ஆக்கள் நாப்பது படகு மட்டில வெள்ளைக்கொடியைக் கட்டிக்கொண்டு, பாதர்மார், பொம்பிளையள், வயசு போனவை எண்டு எல்லாரும் ஏறி, ஒருத்தரிட்டயும் பாஸ் கேக்காமல் நேராப் போய்த் தீவில இறங்கினவை, இறங்கின கையோட கோவிலுக்குள்ள போய்ச் செபம் சொன்னவை, பிறகு இனித் திரும்ப மாட்டம் எண்டு அங்கயே இருந்திட்டினம். அந்தப் படங்கள் வந்த நேரம் நாங்களும் ஷெயார் பண்ணினம், சந்தோசப்பட்டம், பிறகு வேற விசயங்களுக்குப் போயிட்டம். தீவாக்களுக்கு மிச்சப் பிரச்சினை எல்லாம் அதுக்குப் பிறகுதான் தொடங்கினது, அதைப் பற்றி எழுதோணும் எண்டு கனகாலமா நினைச்சுக்கொண்டு இருக்கிறன்.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேசம், அந்தக் கரைக்கு மேற்கால கடலுக்குள்ள இருக்கிற பெருந்தீவும் சிறுதீவும் சேர்ந்ததுதான் இரணைதீவு. கோவில், பள்ளிக்கூடம், கிணறு, ஆடு மாடு எண்டு தலைமுறை தலைமுறையா இருந்த கத்தோலிக்கச் சனம், 1992இல சண்டைக்குள்ள எழும்பி முழங்காவில் பக்கம் வந்து இரணைமாதா நகர் எண்டு ஒரு ஊரை உண்டாக்கிச்சுது. கொஞ்ச நாளில திரும்பலாம் எண்டுதான் வந்தது. பேந்து தீவு நேவியின்ர கைக்குப் போட்டுது, 2009இல சண்டை முடிஞ்சும் விடேல்ல. 2017 மே 1ஆம் தேதி கரையில கொட்டில் போட்டுக் குந்தினவை, கிட்டத்தட்ட ஒரு வருசம் பெட்டிசம், மகஜர், கொழும்புக்குப் போறது, வாற பெரிய ஆக்களைச் சந்திக்கிறது எண்டு எல்லாம் செய்து பாத்துத்தான் கடைசியாப் படகில ஏறினவை. அடுத்த மாதமே அரசாங்கம் சரி இருங்கோ எண்டு சொல்லிச்சுது.

இருங்கோ எண்டா எப்பிடி இருக்கிறது? காணி முழுக்கப் பத்தை, வீடுகள் கூரை இல்லாத சுவர். பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் இக்கரையில, ஆசுபத்திரி இக்கரையில, சந்தை, டிஎஸ் ஒஃபிஸ் எண்ட பிரதேச செயலகம் எல்லாம் இக்கரையில. நேவி முகாமும் தீவை விட்டுப் போகேல்ல. அதால நடந்தது என்னெண்டா வீடு ரெண்டாப் பிரிஞ்சுது. தொழில் செய்யிற ஆக்கள் தீவில கொட்டில் போட்டுத் தங்குவினம், படிக்கிற பிள்ளையள் அம்மம்மாவோட இக்கரையில, ரெண்டு அடுப்பு, ரெண்டு செலவு. நடுவில படகு. அந்தப் படகுக்கு மண்ணெண்ணெய் வேணும். 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயில இருந்து ஒரே அடியா 340 ரூபாய்க்குப் போனது ஞாபகம் இருக்கோ? ரவுணில இருக்கிற எங்களுக்கு அது ஒரு செய்தி. தீவில கொட்டிலும் கரையில பிள்ளையும் வைச்சிருக்கிறவைக்கு அது பிள்ளையைப் பாக்கப் போறதா, நாளைக்குத் தொழிலுக்குப் போறதா எண்ட கணக்கு. ராவில ஒருத்தருக்கு நெஞ்சு நோ வந்தாலோ பாம்பு கடிச்சாலோ அதே படகுதான், காத்துக் கடும் எண்டா அதுவும் இல்லை.

இனி நான் முக்கியமாச் சொல்ல வந்தது. அந்தத் தீவுக்கு எது பெறுமதி எண்டு கேட்டா வெளியாக்கள் காணியைச் சொல்லுவினம், அழகான கரையைச் சொல்லுவினம், ஹோட்டல் போடலாம் எண்டும் சொல்லுவினம். என்னைக் கேட்டா அந்த முழங்கால் தண்ணி. தீவைச் சுத்திக் கன தூரத்துக்கு ஆழமில்லாத கடல், கீழ சாதாளை எண்ட கடற்புல்லு, வத்து நேரம் பாத்துப் பொம்பிளையள் இறங்குவினம். படகு வேண்டாம், இஞ்சின் வேண்டாம், வலை கூட வேண்டாம். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தோளில கொழுவிக்கொண்டு, காலாலயே தடவித் தடவிப் போவினம், மணலுக்க கிடக்கிற கடலட்டை காலுக்குத் தெரியும், கல்லுக்கும் அட்டைக்கும் உள்ள வித்தியாசம் அவையின்ர பாதத்துக்குத்தான் விளங்கும். பிடிச்ச அட்டையை வயித்தைக் கீறிக் குடலை எடுத்து, அவிச்சு, மணலுக்க தாட்டு வைச்சு, எடுத்து மேல்தோலைத் தேய்ச்சுக் கழுவி, திரும்ப அவிச்சுக் காய விடுறது. எங்கட சனம் ஒருத்தரும் அதைச் சாப்பிடுறதில்லை, எல்லாம் ஹொங்கொங், சிங்கப்பூர், சீனா எண்டு போற சாமான். புருசன் இல்லாத, படகு இல்லாத ஒரு பொம்பிளை ஆரிட்டயும் கை நீட்டாமல் உழைக்கிற இடம் அந்தத் தண்ணிதான். அதுக்கு உறுதிப் பத்திரம் இல்லை, பேர் இல்லை, எந்தப் பதிவிலயும் அது ஒரு ஆளின்ர சொத்து எண்டு இல்லை.

அதால தான் கடலட்டைப் பண்ணை விசயத்தில எனக்கு இவ்வளவு கவலை. பண்ணை எண்டா என்ன, ஆழமில்லாத கடலில கம்பு நட்டு வலையால அடைக்கிறது. எங்க அடைப்பினம்? அந்த முழங்கால் தண்ணியிலதான், வேற இடத்தில ஏலாது. 2021இல கௌதாரிமுனையில சீனக் கொம்பனியின்ர பண்ணை எண்டு பெரிய பிரச்சினை வந்தது, 2022இல கிராஞ்சியில சனம் மாதக்கணக்காக் குந்தியிருந்து எதிர்த்தது, ரெண்டும் இதே பூநகரிக் கரைதான். பண்ணையே கூடாது எண்டு நான் சொல்லேல்ல. ஊர்ச் சனமே சங்கமாச் சேர்ந்து, எந்தப் பக்கம் அடைக்கலாம், எந்தப் பக்கம் பொம்பிளையள் இறங்கிற இடம், மீன் கரைக்கு ஏறுற வழி எது எண்டு கதைச்சு முடிவெடுத்துப் போட்டா அது நல்ல உழைப்பு, இயற்கை அட்டை குறைஞ்சு கொண்டு வாற நேரம் தேவையும் கூட. ஆனா வெளியில இருந்து காசு உள்ள ஒருத்தர் பேப்பரோட வந்து கம்பை நட்டா, நேற்று வரைக்கும் தன்ர காலால உழைச்ச மனுசி நாளைக்கு அதே தண்ணிக்க நாட்கூலி. அதுவும் ரிப்போட்டில அபிவிருத்தி எண்டுதான் பதியுப்படும்.

றோலர் கதையை விட்டிட்டுப் போக ஏலாது. வாரத்தில மூண்டு ராவு ராமேஸ்வரப் பக்கத்து இழுவைப் படகுகள் வரும், நண்டு வலையை அறுத்துக்கொண்டு போகும், அடிக்கடலைச் சுரண்டிக்கொண்டு போகும். இலங்கையில இழுவை மடியை 2017 ஜூலையிலயே சட்டத்தால தடுத்தாச்சு, அக்கரையில இன்னும் ஓடுது. ஏப்ரல் நடுவில இருந்து ஜூன் நடு வரைக்கும் அவைக்கு மீன்பிடித் தடைக்காலம் எண்டதால அந்த ரெண்டு மாதம் தான் இஞ்சத்தையாக்கள் பயமில்லாமல் வலை விடுறது. அங்கயும் தமிழர், இங்கயும் தமிழர், இதைக் கதைக்கவே கூச்சமா இருக்கு, கதைக்காமல் விட்டா வலை அறுந்தவனுக்கு ஆர் பதில் சொல்லுறது.

2021 மார்ச்சில நடந்ததையும் மறக்கக் கூடாது. கொரோனாவில செத்த முஸ்லிம் ஆக்களை ஒரு வருசமா வலுக்கட்டாயமா எரிச்சுப்போட்டு, உலகம் முழுக்கச் சத்தம் வந்தாப் பிறகு புதைக்கலாம் எண்டு விட்ட அரசாங்கம், புதைக்கிற இடமா இரணைதீவைக் காட்டிச்சுது. தீவுச் சனத்திட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல. செத்தவையின்ர குடும்பத்திட்டயும் கேக்கேல்ல, அவையும் இது எங்களை அவமதிக்கிறது எண்டுதான் சொன்னவை. ரெண்டு பாதிக்கப்பட்ட சனத்தை ஒரு தீவில மோத விடுற வேலை அது. தீவாக்கள் உடன ரோட்டுக்கு வந்தினம், பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி எண்டு மாறிச்சுது, மார்ச் 5 அங்க முதல் அடக்கம் நடந்தது. எனக்கு அதில விளங்கினது, மேல இருக்கிறவையின்ர மனசில இரணைதீவு இன்னும் ஆளில்லாத இடம்தான். ஆளில்லாத இடம் எண்டு நினைச்சா எதையும் கொண்டுவந்து வைக்கலாம்.

இது எங்கட நாட்டில மட்டும் நடக்கிற விசயமும் இல்லை. கரிபியன் கடலில அமெரிக்காவின்ர கையில இருக்கிற புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் பக்கத்தில வியேகெஸ் எண்டு ஒரு தீவு. 1940களில அமெரிக்க நேவி பெரும்பங்கு காணியை எடுத்து, ஒரு பக்கம் வெடிமருந்துக் களஞ்சியம், மற்றப் பக்கம் குண்டு போட்டுப் பழகிற இடம், நடுவில சனம். 1999 ஏப்ரலில குறி தவறின குண்டில அங்க காவல் வேலை செய்த ஊராள் ஒருத்தர் செத்தாப் பிறகு சனம் அந்தக் குண்டு போடுற நிலத்துக்குள்ளயே போய்க் கொட்டில் போட்டு ஒரு வருசம் மட்டில இருந்தவை. 2003 மே 1ஆம் தேதி நேவி வெளிக்கிட்டுது. காணி சனத்திட்ட வந்ததோ எண்டா பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம் எண்டு மத்திய அரசின்ர இன்னொரு திணைக்களத்துக்குப் போட்டுது, வெடிக்காத குண்டு அள்ளுற வேலை வருசக்கணக்கா இழுபட்டுது, 2017 புயலில ஆசுபத்திரி மூடுப்பட்டு வருத்தக்காரர் பெரிய தீவுக்குப் போகவேண்டி வந்துது. நேவி போனாப் பிறகும் அங்கத்தைச் சனம் படகையும் ஆசுபத்திரியையும் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு இருந்தது. வாசிக்கேக்க எனக்கு இரணைமாதா நகர்க் கரையில நிக்கிற மாதிரியே இருந்துது.

அதால தீவுக்கு என்ன செய்யலாம் எண்டு கேக்கிற வெளிநாட்டு உறவுகளுக்கு நான் சொல்லுறது: முதலே கட்டடம் எண்டு தொடங்காதேங்கோ. ஒழுங்கா ஒரு பயணிகள் படகு, நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வாற மாதிரி. ஒரு தாதி, கிழமையில சில நாளாவது. சின்ன வகுப்புப் பிள்ளையளுக்கு அங்கயே ஒரு ரீச்சர். கிணறு இறைச்சுத் துப்பரவாக்கிறது, அதிலயும் மோட்டர் போட்டுக் கண்டபடி இறைக்காமல், ஏனெண்டா சின்னத் தீவுகளில நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேல ஒரு படை மாதிரித்தான் நிக்கும், கூட இழுத்தா ஊர்க் கிணறே உப்பாப் போயிரும். பண்ணை லைசன்ஸ் குடுக்கிறது நக்டா எண்ட அரசாங்க நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை, குடுக்க முதல் இரணைதீவுச் சங்கத்தின்ர எழுத்து மூலமான சம்மதம் வேணும் எண்டு கட்டாயமாக்கோணும். அந்தச் சங்கக் கூட்டத்தில படகுக்காரர் மட்டும் இருந்து முடிவெடுக்காமல் கரையில அட்டை பொறுக்கிற பொம்பிளையளும் கையெழுத்து வைக்கோணும். வடக்கு மாகாணசபையில இருந்த, இனி நிக்கப் போற ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா, பூநகரிக்கு வோட்டுக் கேட்டு வாற நேரம் இந்த ஒரு விசயத்துக்கு என்ன செய்யப் போறியள் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.