கண்டகாயில் நாயை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குக் காரில் போகிற நம்மாட்கள் எல்லோரும் போடுவது ஒரே கணக்குதான். விடியற்காலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஆல்பரி, மாலை டீக்கு மெல்போர்ன். நடுவில் பிள்ளைகள் அழுதால் ஒரு பர்கர் கடை, பெட்ரோல் போட ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். ஹ்யூம் நெடுஞ்சாலையும் இதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. 2013-ல் ஹோல்புரூக் பைபாஸ் திறந்ததிலிருந்து கிட்டத்தட்ட 880 கிலோமீட்டரையும் எந்த ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் நுழையாமலே ஓட்டிவிடலாம். ஊர்களெல்லாம் பலகையில் ஒரு பெயர், ஓர் அம்புக்குறி, அதோடு சரி.

எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஒன்பது மணி நேரம் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டுப் புல்லையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டே போவதற்கு விமானத்திலேயே போய்விடலாமே. காரில் போவதென்றால் ஓர் ஊரிலாவது இறங்கி நடக்க வேண்டும். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் கண்டகாய் என்றுதான் சொல்வேன். சிட்னியிலிருந்து சுமார் 390 கிலோமீட்டர், மரம்பிட்ஜி ஆற்றின் கரை, பூர்வகுடிகளான விராட்ஜுரி மக்களின் மண்.

"கண்டகாயா? நாங்களும் நிறுத்தியிருக்கோமே, அந்த நாய் சிலைதானே" என்பார்கள். அதுதான் பிரச்சினையே. நாய் இருப்பது ஊரில் இல்லை. ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னாலேயே, ஸ்னேக் கல்லி என்ற இடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஒரு சாப்பாட்டுப் பெட்டி, அதன்மேல் ஒரு வெண்கல நாய். மாட்டுவண்டிக்காரன் ஒருவன் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதால் உதவி தேடிப் போனான், அவன் திரும்பி வரும்வரை நாய் பெட்டியைக் காவல் காத்தது, அவன் வரவே இல்லை என்று கதை சொல்வார்கள். பழைய நாட்டுப் பாட்டில் நாய் பெட்டிமேல் உட்காரவில்லை, பெட்டிக்குள் வேறு காரியம் பார்த்துவைத்தது என்று இன்னொரு கதையும் உண்டு, எனக்கென்னவோ அதுதான் நிஜம் போலத் தோன்றுகிறது. எப்படியோ, 1932 நவம்பரில் பிரதமர் ஜோசப் லயன்ஸே வந்து இந்தச் சிலையைத் திறந்துவைத்தார். ஊர் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டத்தான் அந்த ஏற்பாடு, தொட்டியில் நாம் போடுகிற சில்லறையும் ஆஸ்பத்திரிக்கே போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பத்து நிமிஷம், நாலு போட்டோ, ஒரு காபி, மறுபடியும் நெடுஞ்சாலை என்று ஏறிவிட்டால் கண்டகாயைப் பார்த்த கணக்கில் வராது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் வாருங்கள். ஷெரிடன் தெரு என்று ஒரே ஒரு பெரிய தெரு. இரண்டு பக்கமும் பழைய கடைகள், நடைபாதையை மூடிய தாழ்வாரங்கள், சரிவான சந்துகள். கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் ஒன்று உறுத்தும். வீடுகளும் கடைகளும் மேட்டில் அடுக்கினமாதிரி ஏறிப்போகின்றன, கீழே ஆற்றோரம் அவ்வளவு பெரிய சமவெளி, மாடு மேய்கிறதே தவிர ஒரு வீடு கிடையாது. அந்தப் புல்வெளிக்கு மேலே, தண்ணீரே இல்லாத இடத்தில், கரிய மரக்கால்கள் ஊன்றி ஒரு பாலம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

போன தடவை மாமனாரையும் கூட்டிப் போயிருந்தோம். தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறையில் இருந்து ரிடையர் ஆனவர், ஆறு, மதகு, பாலம் என்றால் கண் தானாக அங்கே போய்விடும். இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, "மாப்பிள்ளை, இவ்வளவு நல்ல சம தரையை விட்டுட்டு எதுக்கு மலைச்சரிவுல போய் வீடு கட்டியிருக்காங்க?" என்றார்.

"முதல்ல அங்கதான் மாமா கட்டினாங்க."

"அப்புறம்?"

அப்புறம்தான் 1852. ஊரை 1838-ல் அந்தச் சமவெளியிலேயே அளந்து போட்டிருந்தார்கள், ஒரு பக்கம் மரம்பிட்ஜி, இன்னொரு பக்கம் மார்லிஸ் க்ரீக் என்கிற ஓடை. இங்கே வெள்ளம் வரும் என்று விராட்ஜுரி மக்கள் எச்சரித்திருக்கிறார்கள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1844-லேயே ஒரு வெள்ளம் வந்து, மேட்டில் மாற்று மனை கொடுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டும் அரசாங்கம் இசையவில்லை. 1852 ஜூன் 24 ராத்திரி தொடங்கிய வெள்ளம் மறுநாள் ஊரையே அடித்துக்கொண்டு போய்விட்டது. மொத்த ஜனத்தொகையே சுமார் 250, அதில் குறைந்தது 78 பேர் செத்துப்போனார்கள். ஆஸ்திரேலியாவில் பதிவான வெள்ளங்களிலேயே மிக அதிக உயிரைக் குடித்தவற்றில் இது ஒன்று. ஜூன் என்றால் இங்கே நடுக் குளிர்காலம், மரக்கிளையைப் பிடித்துக்கொண்டும் கூரைமேல் ஏறிக்கொண்டும் இருந்தவர்கள் குளிரிலேயே விறைத்துக் கை நழுவி விழுந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற விராட்ஜுரி ஆட்கள், இன்னும் சிலரோடு சேர்ந்து, படகில் போய் ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார்கள். யாரியிடம் இருந்தது மரப்பட்டைப் படகு. ஒரே நீளப் பட்டையாக மரத்திலிருந்து உரித்து எடுத்துச் செய்கிற மெல்லிய படகு அது, அவரைத் தவிர இன்னொரு ஆள்தான் உட்கார முடியும். அதில், மரமும் கூரையும் மிதந்து வருகிற வெள்ளத்துக்குக் குறுக்கே, ஒரு தடவைக்கு ஒரு ஆள் என்று யாரி மட்டும் 49 பேரைக் கொண்டுவந்து சேர்த்ததாகச் சொல்கிறார்கள். ஜாக்கி ஜாக்கி அதைவிடப் பெரிய படகில் சுமார் 20 பேரை. தங்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, சொன்ன பேச்சையும் கேட்காமல் பள்ளத்தில் வீடு கட்டியவர்களை!

ஊர் பதிலுக்கு என்ன செய்தது? கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு உலோகத் தகடு கொடுத்தது. ஷெரிடன் தெருவில் இப்போது இருவருக்கும் பட்டைப் படகோடு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, ஆனால் அதை வைத்தது 2017-ல். இருந்ததா இல்லையா என்றே தெரியாத ஒரு நாய்க்கு 1932-லேயே பிரதமர் கையால் சிலை, நிஜமாகவே இருந்து ஊரில் கால்வாசிக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றிய மனிதர்களுக்கு அதிலிருந்து இன்னும் 85 வருஷம் கழித்து. நாய்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கும் அங்கே பஸ் பஸ்ஸாகக் கூட்டம், இங்கே நாங்கள் நின்ற நேரம் முழுக்க எங்களைத் தவிர ஒரு பாட்டியும் அவருடைய ஷாப்பிங் பையும்தான். பாட்டி சிலையைப் பார்க்க நிற்கவில்லை, பஸ்ஸுக்கு நின்றார்.

1853-ல் மறுபடியும் வெள்ளம் வந்த பிறகுதான் ஊர் மேட்டுக்கு ஏறியது. காலி புல்வெளிக்கு விடை அதுதான், பாலத்துக்கு விடையும் அதுதான். ஆறு சாதாரண நாளில் ஒன்றும் பெரிய அகலம் இல்லை, வெள்ளத்தில் விரியும்போது வெளி முழுக்கத் தண்ணீர் என்பதால் அந்த வெளி மொத்தத்தையும் தாண்ட வேண்டியிருந்தது. ஆற்றின் மேலே இருக்கிற இரும்புப் பாலம் 1867-ல் கட்டிய பிரின்ஸ் ஆல்ஃபிரட் பாலம். அதோடு சேர்ந்து சமவெளியைக் கடந்த மரப்பாலத்தை, உளுத்துப்போய்விட்டது, ஆபத்து என்று 2021-ல் பிரித்து எடுத்துவிட்டார்கள். ஊருக்குள் அது பெரிய மனத்தாங்கல். பக்கத்திலேயே ரயிலுக்காக 1903 வாக்கில் முடித்த மரப்பாலம் இருக்கிறது, 819 மீட்டர். 1984 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. மேலே ஏற முடியாது, வேலி போட்டிருக்கிறார்கள், ஆனால் கீழே புல்வெளிப் பக்கம் நின்று அண்ணாந்து பார்க்கலாம். கைப்பிடியில் அடங்காத போல்ட்டுகள், வெயிலில் வெடித்து நரைத்த தூண்கள், குறுக்குச் சட்டங்களில் அங்கங்கே ஓட்டை விழுந்து வானம் தெரிகிறது. மாமா ஒரு தூணைக் காட்டி, "இதுல வெள்ள மட்டம் குறிச்சிருப்பாங்களே, எங்க இருக்கு?" என்று தேடிக்கொண்டே போய்விட்டார். பிள்ளைகளுக்குப் பசி வந்து காரில் ஹார்ன் அடித்துக் கூப்பிட வேண்டியதாயிற்று.

தகவல் மையத்தில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். நாயைச் செய்த ஃபிராங்க் ரஸ்கோனிதான் இதையும் செய்தார். கல்லறைக் கல் செதுக்குவது அவருக்குத் தொழில். வேலை முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து 28 வருஷம், 20,948 சலவைக்கல் துண்டுகளைச் சேர்த்து, சுமார் 1.2 மீட்டர் உயரத்துக்கு ஓர் இத்தாலிய அரண்மனை மாதிரி கட்டியிருக்கிறார். சில துண்டுகள் விரல் நகம் அளவுகூட இல்லை. அழகாக இருக்கிறதா என்று கேட்டால், தெரியவில்லை, கொஞ்சம் மிதமிஞ்சித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுமைக்கு முன்னால் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். என் மனைவி அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "இவர் பெண்டாட்டி என்ன சொல்லியிருப்பா" என்று மட்டும் கேட்டாள்.

பழைய கோர்ட்டும் தெருவிலிருந்து கொஞ்சம் மேலேதான். 1879-ல் வாண்டபாட்ஜரி பண்ணைக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்துவைத்த கேப்டன் மூன்லைட் என்ற கொள்ளைக்காரன் ஆண்ட்ரூ ஸ்காட்டை முதலில் விசாரித்தது இங்கேதான். 1880 ஜனவரியில் சிட்னியில் தூக்கில் போட்டார்கள். துப்பாக்கிச் சண்டையில் செத்த தன் உயிர்த்தோழன் ஜேம்ஸ் நெஸ்பிட்டின் பக்கத்திலேயே என்னைப் புதையுங்கள் என்று சிறையிலிருந்து உருகி உருகிக் கடிதம் எழுதியிருக்கிறான், யாரும் கேட்கவில்லை. 1995-ல்தான் சிட்னி ரூக்வுட் கல்லறைத் தோட்டத்திலிருந்து தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். இந்த ஊர்க் கல்லறைத் தோட்டம் வடக்குப் பக்கம், செதுக்காத கல்தான் அடையாளம்.

சாப்பாட்டுக்கு வருவோம். நயாகரா கஃபே என்று ஷெரிடன் தெருவிலேயே நியான் போர்டோடு இருக்கும். கிரேக்கக் குடும்பங்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய மாதிரிக் கடை. அந்தக் காலத்தில் இந்த நாட்டின் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு கிரேக்கர் கடை இருந்திருக்கிறது. 1942-ல், போர் நேரத்தில், பிரதமர் ஜான் கர்ட்டின் நடுராத்திரி குளிரில் வந்து கதவைத் தட்ட, ஸ்டேக்கும் முட்டையும் போட்டுக் கொடுத்தார்களாம், நன்றிக்கு அவர் கடையின் தேயிலை ரேஷனைக் கூட்டிக் கொடுத்தாராம். கதையை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். சைவர்களுக்குச் சொல்கிறேன், கிராமப்புற ஆஸ்திரேலியாவில் எங்கே போனாலும் டோஸ்ட், சிப்ஸ், சாலட் என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான், நாங்கள் புளியோதரை டப்பாவை ஆற்றங்கரைப் பெஞ்சில் திறந்தோம். காக்கட்டூ பறவைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு விலைபேசிக்கொண்டிருந்தன.

முடிந்தால் ராத்திரி தங்குங்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்பினால் படுக்கிற நேரத்துக்கு வந்துவிடலாம், ஆனால் மோட்டலுக்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள், ரிசப்ஷனைப் பூட்டிவிட்டுச் சாவியை ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பப்களில் அடுப்பை எட்டு, எட்டரைக்கே அணைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை திறக்காது. குளிர்காலத்தில் காலையில் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம், ஒன்பது மணிவரைக்கும் எதிரில் வருவது லாரியா வீடா என்று தெரியாது, அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். பொழுது சாயும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் கங்காரு குறுக்கே வரும், அது ஹாரனுக்கெல்லாம் மரியாதை கொடுக்காது. ஒருமுறை நாங்கள் தங்கிய அறையில் ஹீட்டர் சத்தம் ரயில் எஞ்சினைத் தோற்கடித்தது, அதனால் ஜூன், ஜூலை என்றால் கூடவே ஒரு நல்ல கம்பளி எடுத்துப் போகிறோம்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒன்று. பிராட்மேன் மியூசியம் என்றால் பௌரல் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்தது பௌரலில் இல்லை, கூட்டமண்ட்ராவில், 1908 ஆகஸ்ட் 27. கண்டகாயிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், பிறந்த வீட்டைச் சின்ன மியூசியமாக வைத்திருக்கிறார்கள், செப்டம்பர் கடைசியில் போனால் வழியில் கனோலா வயல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கும். வயலுக்குள் இறங்கி போட்டோ எடுக்காதீர்கள், விவசாயிகளுக்கு அது பிடிக்காது, பயிரும் மிதிபடும், வேலிக்கு வெளியே நின்றாலே படம் நன்றாக வருகிறது. மியூசியம் திறந்திருக்கிற நேரத்தை மட்டும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.