முத்தாவிடம் மாட்டிய ஐந்து மாதம்

நேற்று ராத்திரி 16 வினை அட்டையையும் வரிசை மாற்றி மாற்றி மூன்று சுற்று சொன்னேன். அட்டைக்கு நாலு வடிவம், மொத்தம் 64. ஒன்றுகூடத் தப்பவில்லை. கொரிய மொழியில் திகுத் (அவர்களது தகரம்) எழுத்தில் முடியும் வினைகளோடு ஐந்து மாதமாக மல்லுக்கட்டியவருக்குத்தான் இந்தச் சந்தோஷம் புரியும். மார்கழியில் தொடங்கியது, வைகாசியில்தான் வாய்க்கு வந்திருக்கிறது.

கொரியச் சொற்களை என் நோட்டில் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், இங்கும் அப்படியே. ‘துத்தா’ என்று எழுதினால் அந்தத் ‘து’வை ‘அது’வின் கடைசி எழுத்துபோல, உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும். நம் குற்றியலுகரம் அவர்களுக்குத் தனி உயிரெழுத்து. ‘முத்தா’, ‘புத்தா’ இரண்டில் மட்டும் உதட்டைக் குவியுங்கள். சொல் நடுவே ஒற்றையாக வரும் தகரம் ‘அது’வில் மென்மையாவதுபோல அங்கேயும் மென்மையாகிவிடும். ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து ஓசை. அதனால் இந்த வேலைக்கு ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து எவ்வளவோ மேல். நான் அதிலிருந்து இதற்கு மாறியதே பாதி முன்னேற்றம்.

மற்றபடி கொரிய வினையில் நமக்குப் பெரிய கஷ்டம் கிடையாது. நான், நீ, அவன், அவள் யார் வந்தாலும் வினை மாறாது. மலையாளத்தில் ‘வந்நு’ எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறதே, அதே கதை. ‘மொகொ பொதா’ என்றால் தின்று பார். ‘ஸா ஒதா’ என்றால் வாங்கி வா. பார், வா, கொடு, வை என்று நாம் வினைக்குப் பின்னால் கோக்கும் துணைவினைகளை அவர்களும் அதே இடத்தில் கோக்கிறார்கள். கேட்ட பாட்டு, கேட்கிற பாட்டு, கேட்கும் பாட்டு என்ற பெயரெச்ச மூன்றும் அப்படியே இருக்கிறது.

மரியாதை விகுதியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குக் கொங்கு நாட்டுக்காரனாக ஒரு வார்த்தை. கொரிய ‘யோ’ நம்முடைய ‘ங்க’தான். “எங்கிருக்கீங்க?” என்று கேட்டால் “வீட்டுலங்க” என்கிறோம். அவர்கள் “சிபெயோ” என்கிறார்கள். வினையே தேவையில்லை, பெயர்ச்சொல் மேலேயே ஏறிக்கொள்ளும். “அவன் வந்தானுங்க” என்பதில் அவனுக்கு மரியாதை இல்லை, கேட்கிறவருக்கு இருக்கிறது. “அப்பா வந்தாருடா” என்றால் தலைகீழ். யாரைப் பற்றிப் பேசுகிறோம், யாரிடம் பேசுகிறோம் என்று மரியாதையை இரண்டாகப் பிரித்து வைக்கும் பழக்கம் எங்கள் திருப்பூர்ப் பேச்சிலேயே இருப்பதால், அந்தப் பாடம் எனக்கு ஒரே வாரத்தில் முடிந்தது.

இதைச் சொன்னாலே யாராவது, அம்மா, அப்பா அங்கேயும் உண்டே, இரண்டும் உறவு மொழிதானே என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் வெளியிட்டார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. எனக்கு உறவு வேண்டாம். அமைப்பு ஒத்துப்போனால் போதும், படிக்கிறவனுக்கு அதுவே பெரிய உதவி.

சிக்கலுக்கு வருகிறேன். துத்தா என்றால் (காதால்) கேள். கடைசித் ‘தா’ அகராதி விகுதி, அதைக் கழற்றிவிட்டு ‘யோ’ சேர்த்தால் ‘துதொயோ’ ஆகாது, ‘துரொயோ’ ஆகும். உயிர் வந்து ஏறினால் தகரம் ரகரமாகிவிடுகிறது. நாம் ‘கேள்’ என்பதைக் ‘கேட்டு’ என்று ளகரத்தை டகரமாக்குகிறோம், அவர்கள் தகரத்தை ரகரமாக்குகிறார்கள். இதுவரை சரி. ஆனால் மித்தா (நம்பு) ‘மிதொயோ’தான். பத்தா (பெறு) ‘பதாயோ’தான். தத்தா (மூடு) ‘ததாயோ’தான். எது மாறும், எது மாறாது என்று சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. முத்தா இன்னும் மோசம். கேள்வி கேள் என்ற பொருளில் ‘முரொயோ’, மண்ணில் புதை என்ற பொருளில் ‘முதொயோ’. கொத்தாவும் அப்படித்தான். நட என்றால் ‘கொரொயோ’, சட்டைக் கையைச் சுருட்டு என்றால் ‘கொதொயோ’.

நமக்குக் ‘கேள்’ ஒன்றே காதுக்கும் வாய்க்கும் போதும். அவர்களுக்கு அது துத்தா, முத்தா என்று இரண்டு, இரண்டுமே மாறுகிற கூட்டத்தில்.

வினை வகையைப் பார்த்ததும் சொல்ல முடியாத வம்பு எல்லா மொழியிலும் உண்டு. தமிழ் படிக்க வருகிறவரிடம் ‘படி’யைக் கொடுத்துப் பாருங்கள். பாடம் படித்தான், தூசி படிந்தது. முன்பு ஜப்பானிய மொழி படித்தபோது ‘கிரு’விடம் இதேபோல மாட்டினேன். வெட்டு என்றால் ‘கித்தே’, உடுத்து என்றால் ‘கிதே’. ஆனால் ஜப்பானிய மொழியில் உண்மையாகவே ஒழுங்கு தப்பும் வினை என்று ‘ஸுரு’, ‘குரு’ இரண்டைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அந்த நிம்மதியில் இருந்துவிட்டுக் கொரியப் பக்கம் வந்தவனுக்கு இது பெரிய அடி.

மாறுகிற எட்டு, மாறாத எட்டு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன். பட்டியலாகச் சொல்லும்போது வரும், பேசும்போது வராது. அதைவிட, வேறு வினைகள் வந்து மோதின. துரொயோ என்றால் ‘கேட்கிறேன்’. ‘தூக்குகிறேன்’ என்றாலும் துரொயோதான், அது ‘துல்தா’விலிருந்து வருவது. முரொயோ கேள்வி கேட்பதுமாகும், நாய் கடிப்பதுமாகும். கொரொயோ நடப்பதுமாகும், மாட்டித் தொங்கவிடுவதுமாகும். ‘யோ’ வடிவத்தை மட்டும் வைத்துப் பழகியதால் என் மண்டைக்குள் இந்த ஜோடிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. தேகு நகரத்திலிருந்து மொழிப் பரிமாற்றத்துக்குப் பேசும் நண்பருக்கு “அந்தப் பாட்டைக் கேட்டால்” என்று குரல் பதிவு அனுப்பினேன். “எதைத் தூக்கினால்?” என்று பதில் வந்தது. ‘துல்ம்யொன்’ என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தப்புதான் வழியைக் காட்டியது. ‘ஆல்’ விகுதிக்கு அவர்கள் வைத்திருப்பது ‘ம்யொன்’. மெய்யில் முடியும் வினையென்றால் முன்னால் ஓர் உகரம் சேர்ந்து ‘உம்யொன்’. துல்தா மாதிரி லகரத்தில் முடிகிற வினைகள் மட்டும் அந்த உகரத்தை வாங்குவதில்லை. துத்தாவோ, ரகரமாக மாறிய பிறகும் தான் தகரத்தில் பிறந்ததை மறக்காமல் உகரத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே, கேட்டால் ‘துரும்யொன்’, தூக்கினால் ‘துல்ம்யொன்’. நடந்தால் ‘கொரும்யொன்’, மாட்டினால் ‘கொல்ம்யொன்’. கேள்வி கேட்டால் ‘முரும்யொன்’, கடித்தால் ‘முல்ம்யொன்’. புதைத்தால் ‘முதும்யொன்’. யோவில் குழம்பிக் கிடந்த அத்தனையும் ம்யொன்னில் ர, ல, த என்று தனித்தனியாகக் காதில் விழுகிறது!

அன்றே பழைய அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். கோ (‘கேட்டு’ போல அடுத்த வினையோடு சேர்ப்பது), யோ, ம்யொன், நுன் (‘கேட்கிற’ போல) என்று நாலு கட்டம். முதலில் ம்யொன்னைச் சொல்ல வேண்டும், அது சரியாக வந்த பிறகுதான் யோ. துத்கோ, துரொயோ, துரும்யொன், துன்னுன். பக்கத்திலேயே துல்கோ, துரொயோ, துல்ம்யொன், துனுன். ஜோடி ஜோடியாக வைத்துச் சொன்னால் மூன்றே வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. ஒரு ஜோடி மட்டும் இதற்குக் கட்டுப்படவில்லை. ‘ஷிரொயோ’ என்றால் வண்டியில் ஏற்றுகிறேன், ‘பிடிக்கவில்லை’யும் ஷிரொயோதான். ம்யொன் சேர்த்தாலும் இரண்டும் ‘ஷிரும்யொன்’. அதை வாக்கியத்தோடு சேர்த்துத்தான் பழக வேண்டும்.

அட்டை பற்றிக் கேட்பவர்களுக்கு: கடையில் விற்கும் படிப்பு அட்டை மெலிசு, ஒரு மாதத்தில் காது மடங்கிவிடும். பனியன் துணிகளில் தொங்கவிடும் டேக் அடிக்கும் அச்சகத்தில் ஓரம் வெட்டிய கழிவைக் கேளுங்கள். 300 ஜிஎஸ்எம் கெட்டி, ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பேனா பிடிக்கும். எனக்கு ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார்கள். துளை போட்டு வளையத்தில் கோத்தால் பேருந்திலும் புரட்டலாம்.

வடிவங்களைச் சரிபார்க்கக் கொரிய தேசிய மொழி நிறுவனத்தின் அகராதியைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு வினைக்கும் மாறும் வடிவங்களை உச்சரிப்போடு போட்டிருப்பார்கள். பயில்வோருக்கான அவர்களது அகராதிக்கு மங்கோலியம், தாய், அரபி உட்பட 11 மொழிகளில் விளக்கம் இருக்கிறது. தமிழ் இல்லை. இந்தியும் இல்லை. ஒவ்வொரு தடவை அந்தப் பட்டியலைத் திறக்கும்போதும் மனசு வலிக்கிறது. வினைச்சொற்களுக்கு மட்டுமாவது தமிழ்ப் பொருளோடு ஒரு பட்டியல் நானே தொடங்கியிருக்கிறேன், இதுவரை 210 சொல்.

16இல் ‘இல்கொத்தா’வை (பெயரிட்டு அழை) அட்டையில் சரியாகச் சொல்கிறேனே தவிர ஒரு வாக்கியத்திலும் இன்னும் போடவில்லை. எழுத்து வழக்குச் சொல், பேச்சில் இடம் கிடைப்பதில்லை. ‘புத்தா’வுக்கு அந்தக் கவலை இல்லை. ராம்யொன் நூடுல்ஸ் ஊறிப் பெருத்துவிட்டால் ‘புரொஸ்ஸொயோ’ என்று தினமும் சொல்லலாம்.

இல்கொத்தா கிடக்கட்டும் என்று அடுத்த கட்டை ஆரம்பித்துவிட்டேன். ஷியொத் (அவர்களது ஸகரம்) எழுத்தில் முடியும் வினைகள். முதல் சொல்லே வம்பு. குணமாகு என்பதும் பிள்ளை பெறு என்பதும் யோ சேர்ந்தால் ஒரே ஒலி, ‘நஆயோ’. காய்ச்சலில் இருப்பவருக்குச் சீக்கிரம் குணமாகுங்கள் என்று எழுத நினைத்துச் சீக்கிரம் பிள்ளை பெறுங்கள் என்று கொரியர்களே எழுத்தைத் தவறவிடுவது அங்கே பிரசித்தம். ம்யொன்னைப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் ‘நஉம்யொன்’. என் வழி இங்கே செல்லாது. ‘கோ’ சேர்த்தால்தான் பிரிகிறது: குணமாகு என்றால் ‘நத்கோ’, பிள்ளை பெறு என்றால் மூச்சோடு வரும் ‘நகோ’. அதனால் இந்தக் கட்டுக்குக் கோ முதல் கட்டம். 24 அட்டை வெட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை துளை போட வேண்டும்.