மட்டம் சரி, எடை?

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் பட்டறை. அப்பாவுக்குக் கொலுசு வேலை. வெள்ளியைக் கையில் வாங்கிப் பார்த்தே எடை சொல்கிற ஆளை அவர் நம்ப மாட்டார். அந்த வீட்டுப் பெண் நான், லேப் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் கண்ணளவை நம்பினேன்.

சேலத்தில்தான், ஒரு தனியார் லேப். டியூப்களை வேகமாகச் சுழற்றி, நீரிலிருக்கும் செல்களை அடியில் படிய வைக்கும் சென்ட்ரிஃபியூஜ் அங்கே பழையது, மூடி பூட்டிக்கொள்ளாது. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த ஒரு பெரியவருக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. அதில் கொஞ்சம் சைட்டாலஜிக்கு, அதாவது செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனைக்கு, வந்தது. மொத்தத்தையும் ஒரு கண்ணாடி டியூபில் ஊற்றினேன். எதிர்ப்பக்கத்துக்கு, எடை சமமாக இருக்க, கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் டியூபில் அதே மட்டத்துக்குத் தண்ணீர். கண்ணாடி எவ்வளவு கனம் என்று தோன்றவே இல்லை.

வேகம் ஏற ஏற மெஷின் கடகடவென்று ஆடி, மேசை ஓரத்துக்கு நகர ஆரம்பித்தது. நான் செய்ததுதான் பைத்தியக்காரத்தனம்: இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தேன். "கையை எடுடி!" என்று கத்திக்கொண்டே சீனியர் அக்கா சுவிட்சை அணைத்தார். அதற்குள் உள்ளே 'டக்'.

மூடிக்குப் போன கையையும் தடுத்தார். "அரை மணி நேரம் கிட்டப் போகாதே. உள்ளே சாரல் மாதிரி மிதக்கும். டிபியா இருந்தா?" அப்புறம்தான் முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டு, சில்லுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம்.

பாட்டிலில் மிச்சமில்லை. டாக்டருக்கு என்னையே போன் செய்யச் சொன்னார் அக்கா. இரவு வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெரியவருக்கு மறுபடி குத்தினாங்களா?"

இப்போது வேறு லேப். ஜோடி டியூப்கள் ஒரே ரகம். டியூப் உட்காரும் பக்கெட், அதன் அடி ரப்பர் எல்லாம் சேர்த்தே தராசில் வைக்கிறேன். செல்களைச் சுழற்றி நேராக ஸ்லைடிலேயே படிய வைக்கும் சைட்டோஸ்பின்னும் இருக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்று, 5 நிமிடம். ஃபில்டர் அட்டை நீரை உறிஞ்சிக்கொள்ள, செல்கள் ஸ்லைடில் சின்ன வட்டமாகப் படியும். நீர் கலங்கலாக இருந்தால் முதலில் சலைன் விட்டு நீர்க்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். செல்களுக்கு நிறமேற்றும் பேப் சாயத்துக்குப் போகும் ஸ்லைடு ஈரம் காய்வதற்குள் 95 சதவீத ஆல்கஹாலில் இறங்க வேண்டும். காய்ந்தால் உட்கரு ஊதி வெளிறிவிடும். ஜீம்சா என்ற இன்னொரு சாயத்துக்கு நேர்மாறு, நன்றாகக் காய விட வேண்டும். பெயர் எழுதப் பென்சில்தான்; பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும்.

இந்த மெஷின் நிற்கும்வரை மூடி திறக்காது. இருந்தும் அது முழு வேகம் பிடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று சத்தத்தைக் கேட்பேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.