ஒரு சாக்சன் வீரரின் ரிப்பன் பாரைப் படித்த அனுபவம்

ஜெர்மன் ராணுவ ரிப்பன் பார் ஒரு சின்னத் தகரத் தகடு. வாங்கிய ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒரு துண்டு ரிப்பனை அதன் மேல் வரிசையாக மடித்துத் தைத்திருப்பார்கள். பின்பக்கம் கம்பளித் துணி, ஒரு ஊசி, ஒரு கொக்கி. தினமும் போடும் சீருடையில் முழுப் பதக்கங்களையும் தொங்கவிட்டுக்கொண்டு திரிய முடியாது என்பதால் அதற்குப் பதில் இதைக் குத்திக்கொண்டார்கள். இரண்டு உலகப் போர்களிலும் இதே வழக்கம்தான்.

பதக்கங்களை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. பதக்கங்கள் பேரன், பேத்தி கைக்குப் போய், ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்து, தனித்தனியாக விலை போய்விடும். ரிப்பன் பாரைப் பிரித்து விற்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அதனால் ஒரு மனிதரின் ராணுவப் பணிக்காலம் முழுவதும் வரிசை கலையாமல் அதில் தங்கிவிடுகிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

லைப்சிக்கில் வேலை பார்ப்பதால் எனக்கு ஒரு வசதி. மாதக் கடைசியில் பக்கத்து ஊரான மார்க்கிளேபெர்க்கின் அக்ரா மைதானத்தில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய தபால் அட்டை, பீங்கான் சாமான்களுக்கு நடுவில் தகர டப்பாக்களில் இந்தப் பார்களும் கிடக்கும். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் வியாபாரிகள் ஸ்வஸ்திகா இருக்கும் இடத்தில் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருப்பார்கள். என் நிலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவற்றை நான் ஆவணமாகத்தான் பார்க்கிறேன். சுவரில் மாட்டுவதில்லை, சட்டையில் குத்திப் பார்ப்பதும் இல்லை. அமிலமில்லாத காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதுகிறேன்.

முதலில் நிறங்களைப் பழக வேண்டியிருந்தது. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் ஜெர்மன் பேரரசின் பெரிய அரசான பிரஷ்யாவின் நிறம் கறுப்பும் வெள்ளையும், பேரரசுக் கொடியின் நிறம் கறுப்பு, வெள்ளை, சிவப்பு. பெரும்பாலான ரிப்பன்களை இந்த மூன்று நிறங்களையே மாற்றிப் போட்டு நெய்திருக்கிறார்கள். 1914 இரும்புச் சிலுவைக்குக் கறுப்பு ரிப்பன், ஓரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள். 1939 இரும்புச் சிலுவைக்கு நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் வெள்ளை, விளிம்பில் கறுப்பு. அதையே திருப்பிப் போட்டு, நடுவில் கறுப்பும் விளிம்பில் சிவப்பும் வைத்தால் போர்ச் சேவைச் சிலுவை. ரிப்பன் முழுக்கச் சிவப்பாக இருந்து, நட்ட நடுவில் மெல்லிய வெள்ளை, கறுப்பு, வெள்ளைக் கோடு ஓடினால் 1941-42 குளிர்காலக் கிழக்கு முனைப் பதக்கம். அதே கோடு நடுவில் இல்லாமல் இரு ஓரங்களுக்கும் போய்விட்டால் 1938இல் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதற்கான பதக்கம். சாயம் மங்கிய பழைய துண்டில் இவற்றைப் பிரித்தறிய முதலில் விளிம்பைப் பார்ப்பதே நல்ல வழி. நடுப்பகுதி வெயிலில் வெளுத்துவிடும், மடிப்புக்குள் போன துணி நிறம் மாறாமல் இருக்கும்.

நிறம் மட்டும் போதாத இடமும் உண்டு. பிரஷ்ய அரச குடும்பமான ஹோஹென்ட்ஸோலர்னின் குடும்ப விருது வாள்களோடு கொடுக்கப்பட்டபோது அதற்கும் இரும்புச் சிலுவையின் அதே கறுப்பு வெள்ளை ரிப்பன்தான். மேலே குத்தியிருக்கும் சிறிய வாளும் கிரீடமும் இருந்தால்தான் அது அதிகாரிக்குக் கிடைத்த உயர்ந்த விருது என்று தெரியும். அந்தச் சின்னம் கழன்று விழுந்திருந்தால் துணியில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருக்கும். அதனால் ஒவ்வொரு ரிப்பனிலும் ஓட்டை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவது இப்போது என் வழக்கம்.

அப்புறம் காலக் கணக்கு. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எந்தப் பதக்கம் எந்த நாளில் நிறுவப்பட்டது என்பது அரசாணையில் இருக்கிறது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கான கௌரவச் சிலுவையை, ஹிண்டன்பர்க் சிலுவை என்று எல்லோரும் சொல்வதை, 1934 ஜூலை 13 அன்று அறிவித்தார்கள். ஆகவே அந்த ரிப்பன் உள்ள எந்தப் பாரும் அதற்கு முன்னால் தைத்ததாக இருக்க முடியாது. ராணுவ நீண்டகாலச் சேவைக்கான நீல ரிப்பன் இருந்தால் 1936 மார்ச்சுக்குப் பிந்தியது. பேரரசர் முதலாம் வில்ஹெல்மின் நூற்றாண்டுப் பதக்கத்தின் மஞ்சள் ரிப்பன் இருந்தால் அதை அணிந்தவர் பெரும்பாலும் 1897இலேயே படையில் இருந்தவர் என்று பொருள். கடைசியாகச் சேர்ந்த ரிப்பன் எதுவோ அதற்குப் பிறகுதான் பாரைத் தைத்திருக்க வேண்டும். 1939 இரும்புச் சிலுவைகளின் மேல் ஸ்வஸ்திகா இல்லாமல் ஓக் இலை மட்டும் இருந்தால் அது போர்க்காலப் பொருளே இல்லை. 1957 ஜூலையில் மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு பழைய வீரர்களுக்காகச் செய்த வடிவம் அது. ஆஸ்திரியா, செக் நாட்டு எல்லைப் பகுதியான சுடேட்டன்லாந்து ஆகியவற்றின் இணைப்புப் பதக்கங்களை அந்தச் சட்டம் அனுமதிக்கவே இல்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் அதிக நேரம் செலவழித்தது ஒரே ஒரு பாரில். ஆறு ரிப்பன்கள். பார்ப்பவரின் இடது கைப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், உயர்ந்தது முதலில் வரும்.

முதலாவது 1914 இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பைச் சட்டையில் நேரடியாகக் குத்திக்கொள்வார்கள், அதற்கு ரிப்பன் கிடையாது. காயப்பட்டோர் சின்னத்துக்கும் கிடையாது. ஆகவே ஒருவர் முதல் வகுப்பு வாங்கியிருந்தாலும், மூன்று முறை காயப்பட்டிருந்தாலும் பார் அதைச் சொல்லாது. இரண்டாம் வகுப்பை முதல் உலகப் போரில் 50 லட்சம் பேர் அளவுக்கு வாங்கியிருக்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய எம்டன் கப்பல் ஆட்களுக்கும் இதே விருதுதான் கிடைத்தது. அவர்களில் ஒருவருடைய ரிப்பன் இந்தச் சந்தையில் கிடந்தாலும் மற்ற லட்சக்கணக்கானவற்றிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. பொதுவான ரிப்பன் பேசாது, அபூர்வமான ரிப்பன்தான் பேசும்.

இந்தப் பாரில் பேசியது இரண்டாவது ரிப்பன். மஞ்சளும் வெளிர் நீலமும். சாக்சனி அரசின் ஃப்ரீட்ரிக் ஆகஸ்ட் பதக்கம், 1905இல் நிறுவப்பட்டது. அன்றைக்கு ஜெர்மன் பேரரசில் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வுர்ட்டம்பெர்க் எல்லாம் தனித்தனி அரசுகள், ஒவ்வொன்றுக்கும் தனி விருதுகள். அதனால் இரும்புச் சிலுவைக்கு அடுத்து வரும் ரிப்பன்தான் பெரும்பாலும் ஆளின் ஊரைச் சொல்லும். இந்தப் பதக்கம் இன்னொன்றும் சொல்கிறது. இது சிப்பாய்களுக்கும் ஹவில்தார் நிலையில் இருந்தவர்களுக்கும் உரியது, அதிகாரிகளுக்கு வேறு. ஆக 1914-18இல் இவர் அதிகாரி இல்லை. சாக்சனியின் மிக உயர்ந்த ராணுவ விருதான செயின்ட் ஹென்றி விருதுக்கும் நீலமும் மஞ்சளும்தான் நிறங்கள். ஆனால் அதில் நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள். இங்கே மஞ்சள்தான் பரந்து கிடக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்த பிறகே இதை நிச்சயமாக எழுதினேன், ட்யூப்லைட்டில் மங்கிய மஞ்சளை நம்ப முடியாது.

மூன்றாவது, வாள்கள் குத்திய ஹிண்டன்பர்க் சிலுவை. வாள் இருந்தால் போர்முனையில் நின்றவர். இதை 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள், விண்ணப்பம் போட்டால் கிடைக்கும். வாள் இல்லாத வகை முனைக்குப் போகாதவர்களுக்கு. விதவைகளுக்கும் பெற்றோருக்கும் கறுப்பு வண்ணம் பூசிய ஒரு வகை இருந்தது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும்.

நான்காவதும் ஐந்தாவதும் ஒரே நீலம், இரண்டிலும் தங்க நிறத்தில் ஒரு சின்னக் கழுகு. ராணுவ நீண்டகாலச் சேவை விருதில் 4 ஆண்டுக்கு வெள்ளி, 12க்குத் தங்கம், 18க்கு மறுபடி வெள்ளி, 25க்குத் தங்கம். ஒரே நேரத்தில் இரண்டு மட்டும் அணியலாம்: 12 வந்தவர் 4ஐயும், 18 வந்தவர் 4ஐயும், 25 வந்தவர் 12ஐயும். அப்படியானால் தங்கமும் வெள்ளியும் சேர்ந்தால் 12 ஆண்டு, வெள்ளியும் வெள்ளியும் சேர்ந்தால் 18, தங்கமும் தங்கமும் சேர்ந்தால் 25. மேஜையில் காகிதத்தை வைத்து இதைப் போட்டுப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. விரல் நகத்தைவிடச் சிறிய இரண்டு கழுகுகள் ஒரு மனிதரின் 25 ஆண்டுகளைச் சொல்லிவிட்டன. முதல் உலகப் போரில் கழித்த காலத்தை இரட்டிப்பாக எண்ணினார்கள் என்பதால், 1914இல் சேர்ந்து இடைவிடாமல் பணியில் இருந்தவர் 1936இலேயே இதை எட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் போருக்குப் பிந்திய வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேருக்குச் சுருக்கிவிட்டது. சிப்பாய்களுக்கு 12 ஆண்டு, அதிகாரிகளுக்கு 25 ஆண்டு என்று பணிக்காலத்தையும் கட்டிப்போட்டது. அந்த ஒரு லட்சத்துக்குள் இடம்பிடித்து, 12 ஆண்டு முடிந்தும் படையிலேயே தொடர்ந்திருக்கிறார் என்றால், இடையில் அதிகாரியாக உயர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆறாவது கறுப்பு, சிவப்பு, கறுப்பு, ஓரத்தில் மெல்லிய வெள்ளை. 1938 அக்டோபர் சுடேட்டன்லாந்து ஆக்கிரமிப்புக்கான பதக்கம். அதன் மேல் ஒரு குட்டிக் கோட்டை, ப்ராக் நகரத்துக் கோட்டை. 1939 மார்ச்சில் செக் நாட்டின் மிச்சப் பகுதிக்குள்ளும் நுழைந்தவர்களுக்கு உரியது. சாக்சனிக்கு எல்லைக்கு அப்பால் சுடேட்டன்லாந்துதான், அதனால் இடமும் பொருந்துகிறது. ஆஸ்திரியப் பதக்கம் இதில் இல்லை. கோட்டைச் சின்னத்தை நிறுவியது 1939 மே 1. ஆகவே பார் தைக்கப்பட்டது அதற்குப் பிறகு. பழைய இரும்புச் சிலுவைக்காரர் இரண்டாம் உலகப் போரில் அதை மறுபடி வென்றால் ரிப்பனின் மேல் 1939 என்று எழுதிய ஒரு கழுகு வரும். இதில் அதுவும் இல்லை, அதற்கான ஓட்டையும் இல்லை. அந்தக் கோடையில் தைத்தாரா, அல்லது போர் தொடங்கிய பிறகும் அந்தக் கழுகு கிடைக்காமலே இருந்தாரா என்பதைப் பாரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

சரி, அசல்தானா? பழைய ரிப்பன் சுருள்களும் பழைய தகடுகளும் இன்னும் கிடைப்பதால் புதிதாகக் கட்டிய பார்கள் ஏராளம். நான் செய்வது இவ்வளவுதான்: இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடிப்பேன். போருக்குப் பிந்திய செயற்கை இழைகளிலும் தையல் நூலிலும் சேர்க்கும் வெண்மையூட்டி பளீரென்று நீலமாக ஒளிரும். பழைய பருத்தியும் ரேயானும் மங்கலாகவே நிற்கும். இப்போதைய சோப்புத்தூளில் அலசிய அசல் துணியும் ஒளிரும் என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஊசியின் துரு கம்பளியில் படிந்திருக்கிறதா, எல்லா ரிப்பனும் ஒரே அளவில் வெளுத்திருக்கின்றனவா, சின்னங்களின் கால்கள் துணியில் அமிழ்ந்து தடம் பதித்திருக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பேன். சாக்சன் பார் எல்லாவற்றிலும் தேறியது. இணையத்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய வேறொன்றில் தையல் நூல் மட்டும் டார்ச்சில் பளீரென்று ஒளிர்ந்தது. திருப்பி அனுப்பினேன், பணம் வரவில்லை. விற்பனைப் படங்களில் பின்பக்கத்தைக் காட்டாதவர்களிடம் வாங்காதீர்கள், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி பெயர். பிரஷ்ய ராணுவத்தின் ஆளணி ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. பவேரியாவின் போர் ஆவணங்கள் ம்யூனிக்கில் தப்பிப் பிழைத்தன. சாக்சன் படையின் காகிதங்கள் டிரெஸ்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. என் ஆள் சாக்சன்காரராக அமைந்தது அதிர்ஷ்டம்தான். அதிகாரிகளின் பதவிப் பட்டியல்கள் அச்சில் இருப்பதால், முன்னாள் சிப்பாயாக இருந்து அதிகாரியானவர்களை அதில் தேடிக் கொண்டிருக்கிறேன். ஒரு பெயரில் வந்து நின்றாலும், வாரிசுகள் இருக்கக்கூடும் என்பதால் அதைப் பொதுவில் போட மாட்டேன்.

அடுத்ததாக மேஜையில் இருப்பது மூன்று ரிப்பன் பார். 1914 இரும்புச் சிலுவை, சிவப்பு வெள்ளையில் ஒன்று, சிவப்பில் இரண்டு வெள்ளைக் கோடுகளோடு இன்னொன்று. கடைசி ரிப்பன் 1915இல் சுல்தான் ஐந்தாம் மெஹ்மத் நிறுவிய துருக்கியப் போர்ப் பதக்கம், வெளிநாட்டு விருது என்பதால் கடைசியில் நிற்கிறது. நடுவில் இருப்பது ஹன்ஸியாட்டிக் சிலுவை. ஹாம்பர்க், ப்ரெமன், லூபெக் மூன்று நகரங்களும் ஆளுக்கொன்று வெளியிட்டன, மூன்றுக்கும் சிவப்பு வெள்ளைதான், கோடுகளின் அமைப்பு மட்டும் மாறும். துறைமுக நகரத்துக்காரர், துருக்கியில் பணியாற்றியவர் என்பதால், 1914 ஆகஸ்டில் துருக்கியிடம் ஒப்படைக்கப்பட்ட கோபென், ப்ரெஸ்லாவ் கப்பல்களின் மாலுமியாக இருக்கலாமோ என்ற எண்ணம் ஓடுகிறது. முதலில் கோடுகளை அளந்து எந்த நகரம் என்று உறுதி செய்ய வேண்டும். ஹிண்டன்பர்க் ரிப்பன் இல்லாததால் 1934க்கு முன்னால் தைத்ததாகவே தோன்றுகிறது. நல்ல வெயில் வரும் நாளில் ஜன்னலோரம் மறுபடி உட்காருகிறேன்.