23 லிட்டர் பிட்டர்: லண்டன் குளிரில் ஒரு நாட்குறிப்பு

17 ஜனவரி 2025, வெள்ளி

நாளைக்குக் காய்ச்சவிருப்பது இங்கிலாந்தின் சாதாரண பிட்டர், கசப்பு தூக்கலான ஒரு பீர். மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்தின் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) 4 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், கென்ட் பகுதியில் விளைந்த கோல்டிங்ஸ் ஹாப்ஸ் என்ற கசப்பும் மணமும் தரும் பூ 60 கிராம் (கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 5.5%), 11.5 கிராம் உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட். தண்ணீரை 1 என்று கொண்டால் தொடக்க அடர்த்தி 1.039, முடிவில் 1.010 என்று கணக்கு. ஆல்கஹால் 3.8% வரும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று. இங்கே வீட்டுக்குக் காய்ச்சிக்கொள்ள 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இதே வேலை குற்றம்.

லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். போர்ட்டர் என்ற கருநிற பீருக்கு இந்த நகரம் பேர்பெற்றதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. கருக வறுத்த மால்ட்டின் அமிலம் தண்ணீரின் காரத்தைச் சரிக்கட்டிவிடும். வெளிர் மால்ட்டால் அது முடியாது. அதனால் காய்ச்சத் தேவையான 33 லிட்டரையும் 20 நிமிடம் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டு, அடியில் படியும் வெள்ளைத் தூளைக் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாகச் சேர்க்கும் குளோரமைன் கொதியில் எளிதில் போகாது. அதற்குக் கேம்டன் (சல்ஃபைட்) மாத்திரை பாதி. இதைத் தவிர்த்தால் பீரில் டெட்டால் வாடை ஏறிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. கடைசியாக ஜிப்சம் 10 கிராம்.

18 ஜனவரி, சனி

காலை 8.30. தண்ணீர் 52 டிகிரியில் இருக்கும்போது மின்சாரம் நின்றது. கொதிகலனின் சூடேற்றி 3 கிலோவாட், அதாவது 13 ஆம்பியர். இடையில் இருந்தது சுருளோடு கூடிய எக்ஸ்டென்ஷன் வயர். பாதிக்கு மேல் சுருளிலேயே இருந்ததால் சூடு வெளியேற வழியில்லாமல், அதன் பாதுகாப்பு ஸ்விட்ச் அணைந்துவிட்டது. இத்தகைய சுருள்களின் லேபிளில் சுற்றிய நிலைக்கு ஒன்று, முழுவதும் பிரித்த நிலைக்கு ஒன்று என இரண்டு அளவு போட்டிருப்பார்கள். முழுவதும் பிரித்தால் தாங்கும் என்றாலும் மணிக்கணக்கில் 13 ஆம்பியர் இழுக்கும் வேலைக்குச் சுவர் பிளக் ஒன்றே நம்பகமானது. கொதிகலன் சுவரோரம் போனது.

9.40. மாஷ், அதாவது உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கட்டம். கிலோவுக்கு 2.6 லிட்டர் வீதம் 11 லிட்டர் வெந்நீர். இலக்கு 67 டிகிரி, கலந்த பின் வந்தது 63. கணக்குப் போட்டது மால்ட் 20 டிகிரியில் இருக்கும் என்று. கராஜில் இருந்த மூட்டைக்குள் தெர்மாமீட்டர் காட்டியது 6. ஊற்றும் தண்ணீரின் சூட்டைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் சின்னதுதான்: 0.41ஐ ஒரு கிலோவுக்கான லிட்டரால் வகுத்து, இலக்குக்கும் மால்ட்டின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, இலக்கோடு கூட்டினால் போதும். 20 டிகிரி மால்ட்டுக்கு 74.4 வரும், 6 டிகிரி மால்ட்டுக்கு 76.6. மிச்சச் சூட்டைக் குளிர்ந்த பாத்திரம் குடித்துவிட்டது. பாத்திரத்தை முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் அந்த இழப்பு இல்லை.

63இல் விட்டுவிட்டால் பீட்டா அமைலேஸ் என்ற என்சைமின் கை ஓங்கும். சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்து, பீர் மெலிந்து வறண்டுபோகும். பிட்டருக்கு வாயில் கொஞ்சம் கனம் வேண்டும். முதல் 10 நிமிடத்துக்குள் கொதிநீர் ஒன்றரை லிட்டரை மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அடிவரை கிளறி, மூன்று இடங்களில் பார்த்ததில் 66.5. பி.எச். 5.4. நேற்று இரவு கொதிக்கவைத்த தண்ணீர் தன் வேலையைச் செய்திருக்கிறது.

10.50. இன்றைய பெரிய தொல்லை. மாஷை வடிக்கக் குழாயைத் திறந்ததும் ஒரு லிட்டர் ஓடியது, பிறகு நூலாகி, பிறகு சொட்டாகி, நின்றேவிட்டது. மால்ட் கடையிலேயே உடைத்து வாங்கியது. மூட்டையில் மிச்சமிருந்ததை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் காரணம் தெரிகிறது. சரியாக உடைத்த மால்ட்டில் உமி ஏறக்குறைய முழுசாகவும், உள்ளே இருக்கும் பருப்பு மூன்று நான்கு துண்டாகவும் இருக்கும். இதில் உமி நார்நாராகக் கிழிந்திருந்தது. கையை உதறியும் உள்ளங்கை ரேகைகளில் மாவு வெள்ளையாக நின்றது. உருளைகளின் இடைவெளி 1.0 முதல் 1.2 மி.மீ. இருக்க வேண்டும், இது அதைவிட எவ்வளவோ நெருக்கம். மாஷுக்கு வடிகட்டியே அந்த உமிதான். அது சிதைந்தால் மாவு அடியில் களியாகப் படிந்து துளைகளை அடைத்துவிடும்.

இந்த நேரத்தில் குழாயில் பம்ப் வைத்து உறிஞ்சுவது கெடுதல். படுகை இன்னும் இறுகும். செய்தது இது. குழாயை மூடி, வடிகுழாயை உயரத் தூக்கி, 80 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டரைப் பின்னோக்கிச் செலுத்தி அடைப்பைத் தளர்த்தியாயிற்று. அடுத்து நெல் உமி 200 கிராம். நம் ஊர் உமியேதான், கழுவிக் காயவைத்துப் பாக்கெட்டில் விற்கிறார்கள். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்துதான் போட வேண்டும், இல்லையென்றால் நல்ல வோர்ட்டை, அதாவது மாஷிலிருந்து வடியும் சர்க்கரை நீரை, குடித்துவிடும். அடிவரை கிளறி, 15 நிமிடம் அசையாமல் விட்டு, குழாயைக் கால் பங்குதான் திறந்தது. முதல் 3 லிட்டர் கலங்கலாக வந்தது, அதை மெதுவாக மேலேயே திரும்ப ஊற்றியதும் தெளிந்தது. அதன் பிறகு 2 நிமிடத்துக்கு ஒரு லிட்டர். அந்த வேகத்துக்கு மேல் ஆசைப்படக் கூடாது.

சக்கையில் நிற்கும் சர்க்கரையை அலச மேலே ஊற்றும் ஸ்பார்ஜ் தண்ணீர் 76 டிகிரி. அதைத் தாண்டிச் சூடேறினாலோ, வடிநீரின் பி.எச். 6ஐத் தாண்டினாலோ உமியிலிருந்து டானின் இறங்கி, கடுக்காய் கடித்ததுபோல் நாக்கு துவர்க்கும். வடிநீர் 1.010க்கு இறங்கியதும் நிறுத்தியாயிற்று.

மதியம் 1.10. கொதிகலனில் 28 லிட்டர். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டியது, ஆனால் மாதிரி 40 டிகிரியில் இருந்தது. கருவி 20 டிகிரிக்கானது. 40க்கு 0.006 கூட்ட வேண்டும். உண்மை 1.031, இருக்க வேண்டியது 1.034. பொடியாக உடைத்தால் சர்க்கரை கூடுதலாகத்தானே வரவேண்டும் என்று கேட்கலாம். வரும், தண்ணீர் எல்லா இடமும் சமமாகப் பாய்ந்தால். அடைபட்ட படுகையில் அது ஒன்றிரண்டு வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடிவிடும், மற்ற இடத்துச் சர்க்கரை சக்கையோடு நின்றுவிடும்.

குறைவு 3 புள்ளி (0.001 என்பது ஒரு புள்ளி), 28 லிட்டருக்கு 84. உலர் மால்ட் சாறு கிலோவுக்குச் சுமார் 370 தரும், ஆகவே 230 கிராம் தேவை. ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் பாக்கெட்டைக் கவிழ்த்தால் கட்டிகட்டியாகிவிடும். 2 லிட்டர் வோர்ட்டைத் தனியே எடுத்து, அதில் கரைத்து ஊற்றுவதே சுலபம்.

2.05. கொதி வரும் நேரம் புரத நுரை கிளம்பியது. 30 லிட்டர் பாத்திரத்தில் 28 லிட்டர் என்றால் மேலே இடமே கிடையாது. சூடேற்றியை அணைத்து, ஸ்ப்ரேயரில் குளிர்ந்த நீர் அடித்ததும் அடங்கியது. அதற்குள் ஒரு லிட்டர் தரைக்குப் போயிற்று. நுரை அடங்கிய பிறகே ஹாப்ஸ் 45 கிராம், 60 நிமிடக் கணக்கில்.

2.30. கொதி தானாக நின்றது. மறுபடி அதே மாவு! வோர்ட்டோடு வந்த மாவு சூடேற்றியின் மேல் படிந்து கருகி, தண்ணீர் வற்றிவிட்டதாக நினைத்து வெப்பத் தடுப்பான் அணைத்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீண்ட மரக்கரண்டியால் சூடேற்றியைச் சுரண்டி, அடியில் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்ததில் கருகல் வாடை இல்லை. இருந்திருந்தால் தொடர்வதில் பொருளில்லை, அந்த வாடை நொதித்தாலும் போகாது. நின்ற 12 நிமிடத்தைக் கொதிக் கணக்கில் சேர்க்கவில்லை.

கொதி முடிய 15 நிமிடம் இருக்கையில் பீரைத் தெளியவைக்கும் ஐரிஷ் மாஸ் (கடற்பாசி) மாத்திரை பாதி, பிறகு குளிரவைக்கப்போகும் செம்புச் சுருளும் அப்போதே உள்ளே. 10 நிமிடம் இருக்கையில் மிச்ச ஹாப்ஸ் 15 கிராம்.

3.50. சுருளில் தண்ணீர் விட்டதும் ரப்பர் குழாயின் இணைப்பில் கிளிப் தளர்ந்து, பச்சைத் தண்ணீர் வோர்ட்டுக்குள் சொட்டியது. அப்போது வோர்ட் 88 டிகிரி என்பதால் கிருமிப் பயம் இல்லை. கிளிப்பை முறுக்கி, 5 நிமிடம் திரும்பக் கொதிக்கவைத்தது ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான். இதே கசிவு 30 டிகிரியில் தெரியவந்தால் மொத்தத்தையும் 10 நிமிடம் கொதிக்கவைத்தாக வேண்டும், கடைசியில் போட்ட ஹாப்ஸின் மணமும் அதோடு போகும். இணைப்புகள் பாத்திரத்தின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி செம்பை வளைத்துவிட்டால் கசிந்தாலும் தரையில்தான் கசியும்.

குழாய்த் தண்ணீர் 7 டிகிரி. 25 நிமிடத்தில் வோர்ட் 19க்கு வந்தது. நொதிவாளியில் 22 லிட்டர், அடர்த்தி 1.039. இனி தொடும் எல்லாவற்றுக்கும் பாஸ்பாரிக் அமிலக் கிருமிநீக்கி, லிட்டருக்கு 1.5 மி.லி. உயரத்திலிருந்து நுரைக்க ஊற்றி, ஈஸ்டைத் தூவி, மூடியாயிற்று.

19 ஜனவரி, ஞாயிறு

வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றுப்பூட்டில் குமிழி இல்லை. குமிழியை நம்பக் கூடாது, வாளி மூடியின் ஓரத்தில் வாயு கசிந்தாலே அது நிற்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் மெல்லிய நுரை கட்டியிருக்கிறது. கவலை அதில் இல்லை. கராஜ் 9 டிகிரி, வோர்ட் 14க்கு இறங்கிவிட்டது. வீட்டுக்குள் 17 டிகிரி அறைக்கு மாற்றம்.

22 ஜனவரி, புதன்

நுரை நான்கு விரல் உயரம். அறை 17, உள்ளே 20. நொதிப்பின் உச்சத்தில் இந்த 3 டிகிரி வித்தியாசம் இயல்பு.

29 ஜனவரி, புதன்

1.018. மூன்று நாளாக அசையவில்லை. நான்கு இரவு ஹீட்டிங் நின்றதில் அறை 12 வரை இறங்கியிருக்கிறது. இந்த இங்கிலாந்து ஈஸ்ட் சீக்கிரம் திரண்டு அடியில் படியும் ரகம், குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம். சுத்தம் செய்த கரண்டியால் காற்றுப் புகாமல் அடியைக் கிளறி, வெப்பப் பட்டை சுற்றி 20 டிகிரி.

இந்த நிலையில் பாட்டிலில் அடைப்பது ஆபத்து. ஒரு புள்ளி நொதித்தால் பீரின் கொள்ளளவில் ஏறக்குறைய அரைப் பங்கு வாயு கூடும். மிச்சமிருக்கும் 8 புள்ளிக்கு 4 பங்கு, அதன் மேல் சர்க்கரை வேறு. சாதாரண பீர் பாட்டில் வெடித்துக் கண்ணாடி தெறிக்கும்.

8 பிப்ரவரி, சனி

5ஆம் தேதி 1.010, இன்றும் 1.010. அடைக்கலாம். 21 லிட்டருக்குச் சர்க்கரை 95 கிராம், 250 மி.லி. தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்தது. பிட்டருக்கு வாயு 2 பங்கு போதும். அரை லிட்டர் பாட்டிலில் 40 நிறைந்தது. 18 டிகிரிக்குக் குறையாமல் இரண்டு வாரம் வைக்க வேண்டும்.

அடைக்கும்போது ருசித்ததில் கசப்பு சரியாக இருக்கிறது, துவர்ப்பு இல்லை. இந்த முறை வந்த தொல்லைகளைப் பிரித்துப் பார்த்தால் அடைப்பு, குறைந்த அடர்த்தி, கருகிய சூடேற்றி மூன்றும் மாவிலிருந்து வந்தவை. மாஷ் சூடு குறைந்ததும் ஈஸ்ட் உறங்கியதும் குளிர். அடுத்த மூட்டை உடைக்காத மால்ட், 1.2 மி.மீ. இடைவெளியில் வீட்டிலேயே உடைக்க. முதல் நாள் இரவே அது வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.