மேடா, பள்ளமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்குக் குவாலிட்டி வேலை. வாஷர், பிராக்கெட், சின்னச் சின்ன மூடிகள் என்று தகட்டிலிருந்து அடித்துத் தள்ளும் இடம். அவற்றில் கெட்டதைப் பொறுக்கிச் சிவப்புத் தொட்டியில் போடத்தான் எனக்குச் சம்பளம். பிழை விழுந்த நாணயங்கள் மேல் எனக்குப் பித்துப் பிடித்ததும் அந்தத் தொட்டியைப் பார்த்துப் பார்த்துத்தான். காசும் பிரஸ்ஸில் அடித்த சாமான்தானே!

சென்னையில் இப்போது காசு அடிப்பதில்லை. தங்கசாலைத் தெருவில் இருந்த நாணயச்சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள். இன்று மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நான்கில்தான் வேலை நடக்கிறது. முறை எங்களுக்குப் பழக்கமானதுதான். பட்டையிலிருந்து வட்டத் துண்டு வெட்டுவார்கள். அதைச் சூடேற்றி இளக்கி, கழுவி, விளிம்பைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். அப்புறம் காலர் என்ற வளையத்துக்குள் வைத்து, மேல் டைக்கும் கீழ் டைக்கும் நடுவே அடி. டை என்பது படத்தைக் குழியாகச் செதுக்கிய அச்சு. எந்தக் கட்டத்தில் சறுக்கியதோ, அதன் தடம் காசில் தங்கிவிடும்.

எங்கள் தொட்டியில் அதிகம் விழுவது ஓரம் கடிபட்ட துண்டு. பட்டை போதிய தூரம் நகராமல் நின்றுவிட்டால், துண்டு வெட்டும் பஞ்ச் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் பாதி இறங்கும். பிறைபோல ஒரு பக்கம் காணாமல் போகும். காசிலும் அச்சு அசலாக இதேதான். பட்டையின் ஓரத்தில் வெட்டியிருந்தால் குறை நேர்கோடாக இருக்கும். இதை அரம் வைத்து வீட்டிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யவும் செய்கிறார்கள். ஆனால் அசல் பிழையில் பெரும்பாலும், கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கியிருக்கும். விளிம்பு உயர்த்தும் மெஷினில் துண்டு உருளும்போது இந்தப் பக்கம் உலோகம் இல்லாததால் அந்தப் பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அரம் போட்டவன் எதிர்ப் பக்கத்தை யோசித்திருக்கவே மாட்டான்.

பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருநாள் இரண்டு ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினார். குறுக்கே ஒரு கோடு. "தம்பி, இது லட்சத்துக்குப் போகுமாம். பையன் வீடியோல பார்த்தானாம்." நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். கோடு பள்ளமாக இருந்தது. டையில் விரிசல் விட்டால் அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் பிதுங்கும். ஆகவே காசில் கோடு மேடாகத்தான் எழும். பள்ளம் என்றால் அநேகமாக வெளியே வந்தபின் எங்கேயோ பட்ட கீறல். அக்காவுக்கு என்மேல் கொஞ்ச நாள் வருத்தம். என்னிடம் வரும் 'அபூர்வக் காசு'களில் பெரும்பாதி இப்படித்தான்: கீறல், துரு, தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது.

எழுத்து பாதி காணாமல் போன காசும் வரும். டையின் குழிகளில் கிரீஸும் உலோகத்தூளும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்துக்குள் உலோகம் ஏறாது. ஆனால் தேய்ந்த காசையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேய்மானம் மேடான இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தின்னும். ஒரு எழுத்தை மட்டும் தேர்ந்து தின்னாது.

எனக்கு மிகவும் பிடித்தது டை சுழன்றுபோன காசு. வெறும் வட்ட வாஷரில் பஞ்ச் தளர்ந்து திரும்பிக்கொண்டாலும் ஒருவருக்கும் தெரியாது. காசில் இரு பக்கமும் படம் இருப்பதால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சிங்க முகம் நிமிர்ந்திருக்கும்படி ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தின் பக்கம் திருப்புவதுபோல் திருப்பிப் பாருங்கள். மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் டையின் பிடி தளர்ந்திருக்கிறது.

பத்து ரூபாயில் இன்னொரு தொல்லை. வளையம் தனி, நடுத்துண்டு தனி. இரண்டையும் இறுக்கிச் சேர்ப்பதே அடிதான். நடுத்துண்டு விலகி உட்கார்ந்தால் ஒரு பக்கம் பிறை போல இடைவெளி விழும்.

அடித்த காசு வெளியே வராமல் டையிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. அடுத்த துண்டு வந்ததும், ஒட்டியிருக்கும் காசே டையாகிவிடும். புதிய காசின் ஒரு பக்கத்தில் அதே படம் இடம்வலம் மாறி, பள்ளமாக விழும். சேகரிப்பவர்கள் இதற்கு நல்ல விலை தருகிறார்கள். எங்கள் ஷாப்பில் சாமான் டையில் மாட்டி இரட்டை அடி விழுந்தால், டூல் ரூம் ஆள் வந்து திட்டிக்கொண்டே டையைக் கழற்றுவார். அன்றைய புரொடக்‌ஷன் போச்சு. மாட்டிய சாமானை எடைக்குத்தான் போடுவோம்.