தையல் மெஷினில் ஒட்டிய லோகோ

நன்கொடை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது தொகையையும் தவணையையும்தான். நான் நேராகக் கடைசி இணைப்புக்குப் போய்விடுவேன். லோகோ எங்கே வர வேண்டும், எந்த அளவில், பலகையில் யார் பெயர் மேலே என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் தொண்டு நிறுவனத் திட்டங்களை ஒருங்கிணைப்பது என் வேலை. வரவு செலவுக் கணக்கைவிட அந்த இணைப்புதான் களத்தில் அதிகம் இழுத்தடிக்கிறது.

பணம் கொடுப்பவர் தன் பெயரைக் கேட்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. யார் பணம் என்று ஊருக்குத் தெரியாவிட்டால், கட்சிக்காரரோ கான்ட்ராக்டரோ 'நான் செஞ்சு குடுத்தது' என்று சொல்லிக்கொள்ள இடம் கிடைக்கும். ஒரே பயிற்சி வகுப்பை இரண்டு நிறுவனங்களிடம் கணக்குக் காட்டவும் வழி பிறக்கும். லோகோ இருந்தால் அது கொஞ்சம் கடினம். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிச் சட்டம் 1961-லேயே உதவித் திட்டங்களில் அந்நாட்டு அடையாளம் வேண்டும் என்று எழுதிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் கொடிச் சின்னத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் ஊர் சிஎஸ்ஆர் பணத்துக்கு, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணத்துக்கு, அடிப்படை 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு. லோகோ வைத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அதைக் கேட்பது கம்பெனியின் ஒப்பந்தம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த சிஎஸ்ஆர் விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர ஆதாயம் தேடி ஸ்பான்சர் செய்வது சிஎஸ்ஆர் ஆகாது. பள்ளிக் கழிப்பறைச் சுவரில் தங்கள் சோப்பின் படத்தையும் போடச் சொன்ன ஒரு கம்பெனிக்கு அந்த வரியை அனுப்பி வைத்தோம். மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார்கள்.

என்னை உலுக்கியது வேறொன்று. சேடபட்டிப் பக்கம், கணவரை இழந்த பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்திருந்தோம். மெஷினின் முகப்பிலேயே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். மேலே லோகோ, கீழே 'ஆதரவற்ற மகளிர் வாழ்வாதாரத் திட்டம்'. சில மாதம் கழித்துப் பார்க்கப் போனால், ஓர் அக்கா அந்த ஸ்டிக்கர் மேல் லைனிங் துணியை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“ரவிக்கை தைக்க வர்றவங்க இதப் படிச்சுப்புட்டு, சும்மா வந்த மெஷின்தானம்மா, இருபது ரூபா குறைச்சுக்கன்னு நிக்கிறாங்க சார்.”

“அப்ப உரிச்சு எறிஞ்சிருக்கலாமே?”

“உரிச்சா மெஷினத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு சொன்னாங்களே.”

நூலும் அவர் காசு, கரண்டும் அவர் காசு, இடுப்பு ஒடிய உட்காருவதும் அவர்தான். ஆனால் அந்த ஸ்டிக்கர் அவருடைய கூலியைக் குறைத்துக்கொண்டிருந்தது. எந்த நிதி நிறுவனமும் இதை நினைத்து லோகோ கேட்பதில்லை. கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரைப் பட்டையாக எழுதி வெளிச்சத்தை மறைக்கிற கதைதான் இது.

மெஷினுக்குப் பணம் கொடுத்த கம்பெனிக்குப் புகைப்படத்துடன் எழுதினோம். லோகோவும் வரிசை எண்ணும் பொறித்த சின்னத் தகடு மேசைப் பலகைக்கு அடியில் இருக்கட்டும், ஆடிட்டர் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்; பயிற்சி மையத்தின் வாசலில் பெரிய பலகை வைக்கிறோம்; 'ஆதரவற்ற' என்ற சொல் எங்குமே வேண்டாம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பொருளை அடையாளம் காண ஒரு வழி மட்டுமே.

கட்டடத்தில் வை, பொருளில் வை, அறிக்கையில் வை. ஆள் மேல் வைக்காதே. இதில் நான் பிடிவாதக்காரன். கேரள அரசும், வீடில்லாதவர்களுக்குக் கட்டித் தரும் லைஃப் திட்ட வீடுகளில் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் முத்திரையை வைக்க மறுத்தபோது, குடியிருப்பவர்களின் கண்ணியத்தைத்தான் காரணமாகச் சொன்னது. சில இடங்களில் இது கண்ணியத்தோடு நிற்பதில்லை, சட்டமாகவே இருக்கிறது. 2017-ம் ஆண்டு எச்ஐவி சட்டம் ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது. திட்டத்தின் பெயர் எழுதிய ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடாதா? பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஆனால் நம்மிடம் கேட்கப்படுவதோ ஜிபிஎஸ் கேமராவில் எடுத்த படம். பேனர் தெரிய வேண்டும், பயனாளி முகமும் தெரிய வேண்டும்.

நிதி கொடுப்பவர்களின் விதிகளிலேயே விலக்குக்கு இடம் உண்டு, பலர் அதுவரை படிப்பதில்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டு 2025 ஜூலை 1 முதல் உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்திவிட்டது. ஆனாலும் அதன் விலக்குப் பட்டியல் நல்ல முன்மாதிரி: அடையாளம் வைத்தால் திட்டத்தின் நடுநிலைமை கெடும் என்றாலோ, பொருளின் பயன்பாடு பாதிக்கும் என்றாலோ, உள்ளூர்ப் பண்பாட்டைப் புண்படுத்தும் என்றாலோ விலக்குக் கேட்கலாம். கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால். ஆய்வுக்கு வந்த அதிகாரி பேனரைத் தேடும்போது கேட்டால் அது சாக்குப்போக்காகத்தான் தெரியும்.

அப்புறம் இந்த பிளக்ஸ். கடையில் லோகோவைக் கொடுத்தால், காலியாக இருக்கும் இடத்துக்கு ஏற்ப இழுத்து நீட்டிவிடுவார்கள். நீள அகல விகிதம் மாறக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவ்வளவு பாடுபட்டு அடித்தது ஒரு கத்திரி வெயிலைத் தாங்காது. வெளுத்ததும் யாராவது கழற்றி ஆட்டுக்கொட்டகைக்குப் போட்டுக்கொள்வார்கள். அது நல்லதுதான், மழை ஒழுகாது. பலகை நிற்க வேண்டுமென்றால் சிமென்ட் பூசி, உள்ளூர் பெயிண்டரை வைத்து எனாமலில் எழுதுவதே சரி. செலவு கூடும், பட்ஜெட்டில் முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

பலகையில் லோகோவோடு வேறு சிலவும் இருக்க வேண்டும் என்று இப்போது நாங்களே கேட்கிறோம். நூறு நாள் வேலைத் தளங்களில் வேலையின் பெயரையும் ஒதுக்கீட்டுத் தொகையையும் எழுதிய தகவல் பலகை வைக்கும் வழக்கம் உண்டு. அதே போல எவ்வளவு பணம், எந்தத் தேதி வரை, பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று தமிழில் பெரிதாக, லோகோ கீழே. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குடிநீர்த் தொட்டியில் அப்படி எழுதி வைத்தோம். மோட்டார் நின்றதும் அந்த ஊர்ப் பெண்கள் பலகையைப் பார்த்து எங்களுக்குப் போன் போட்டுவிட்டார்கள். வரும் ஏப்ரலில் கையெழுத்தாகப் போகும் ஒப்பந்தத்தில் இந்தப் பலகை மாதிரியை வரைந்தே அனுப்பியிருக்கிறோம். வீடு வீடாகப் போகும் வண்டியில் லோகோ வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறோம். அதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.